விடிகாலை மிஸ்ஸிங்: பெங்களூரு குளிரில் உதறும் எஞ்சினும் அதன் காரணங்களும்

காரின் எஞ்சினில் ஏதேனும் ஒரு சிலிண்டரில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை எரியாமல் போனாலோ, அரைகுறையாக எரிந்தாலோ அது மிஸ்ஃபயர். மெக்கானிக் ஷெட்டில் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலிங்கில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஏழெட்டு முறை எரிய வேண்டும். ஒன்று தவறினாலும் ஸ்டீயரிங் உதறும், சைலன்சர் சத்தம் விட்டு விட்டு வரும், எரியாத பெட்ரோல் வாடை பின்பக்கம் வீசும். இதில் தனி ரகம் ஒன்று உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் தொடங்கி, அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆட்டிவைத்துவிட்டு, எஞ்சின் கொஞ்சம் சூடானதும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும் மிஸ்ஸிங். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு ஒர்க்‌ஷாப்களைச் சுற்றலில் விடும் புகார்களில் இதுவும் ஒன்று.

சுற்றலுக்குக் காரணம் எளிது. காலை ஏழு மணிக்கு உதறிய வண்டி, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் பதினொரு மணிக்கு ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்கும்போது கூலன்ட் 90 டிகிரியில் இருக்கும். மெக்கானிக் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அனுமானம். முதலில் பிளக் மாறும்; அடுத்த வாரம் காயில்; அதற்கும் அடங்காவிட்டால் இன்ஜெக்டர் கிளீனிங்; கடைசியில் பெட்ரோல் பம்ப். பில் ஏறிக்கொண்டே போகும், மிஸ்ஸிங் அப்படியே இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வரும் கோளாறைக் குளிர்ந்த எஞ்சினில்தான் தேட முடியும். வண்டியை ஓர் இரவு அசைக்காமல் நிறுத்திவைப்பதே இந்த வேலையில் பாதி.

குளிரா குற்றவாளி?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடிகாலையில் வெப்பநிலை 15, 16 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். சில நாட்கள் 12, 13 வரையிலும் போகும். வானிலைப் பதிவேட்டில் நகரம் கண்ட மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. அது 1884 ஜனவரி 13ஆம் தேதி. கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததே 1886 ஜனவரியில்தான் என்பதால், பெங்களூருவின் அந்தக் கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்து பார்க்கப் பென்ஸின் கார்கூட இருக்கவில்லை.

இங்கே விற்கும் அதே மாடல் கார் லே நகரிலும் விற்கிறது. அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் பத்துக்கும் கீழே இறங்கும். ஊட்டியில் புல்மேல் உறைபனி படிந்த காலையிலும் டாக்ஸிகள் ஸ்டார்ட் ஆகத்தான் செய்கின்றன. அப்படியிருக்க, 15 டிகிரி என்பது நல்ல நிலையில் உள்ள எஞ்சினுக்குக் குளிரே அல்ல. "குளிர் காலம், அப்படித்தான் இருக்கும்" என்று வண்டிக்காரரைத் திருப்பி அனுப்புவது சோம்பல். வண்டியில் எங்கோ ஒரு பாகம் ஏற்கெனவே பலவீனமாகியிருக்கிறது. வெயில் நேரத்தில் சமாளித்துவிடும் அந்தப் பலவீனத்தைக் குளிர் வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்கள் அடிக்கடி சொல்லும் ஒரு புகாரையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். சென்னையில் ஜனவரி விடிகாலை 20, 21 டிகிரி. பெங்களூருவில் அதைவிட ஐந்தாறு டிகிரி குறைவு. போதாததற்கு, திறந்தவெளியில் நிற்கும் வண்டிமேல் பனி இறங்கியிருக்கும். தேய்ந்த பிளக்கும் விரிசல் விட்ட காயிலும் சென்னையிலிருந்தே வண்டியோடு வந்தவை. அங்கே அவை பிடிபடவில்லை.

முதல் நிமிடத்தில் நடப்பது

பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த எஞ்சினில் இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி, இன்டேக் போர்ட்டின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குள் போய்ச் சேருவது குறைவு. இதை ஈடுகட்ட, எஞ்சினின் கணினியான இசியு வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் விடும். எவ்வளவு அதிகம் என்பதை அது முக்கியமாகக் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சொல்வதை வைத்தே முடிவு செய்கிறது.

விட்ட பெட்ரோல் சரியா தப்பா என்று சொல்ல வேண்டியது சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார். அது சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை இசியு வெறும் கணக்கை நம்பி ஓட்டுகிறது. இந்த நிலைக்கு ஓப்பன் லூப் என்று பெயர். சென்சார் விழித்துக்கொண்டதும் குளோஸ்டு லூப். அப்போது கலவையில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இசியு கூட்டும், மிகுந்தால் குறைக்கும். இதற்கிடையே கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக, ஸ்டார்ட் ஆன சில விநாடிகளுக்கு ஐடிலிங்கை 1,200, 1,500 சுற்றுக்கு உயர்த்தித் தீப்பொறியையும் வேண்டுமென்றே தாமதமாக விடுகிறது. குளிர்ந்த கலவை, தாமதமான தீப்பொறி, ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்ததில் தளர்ந்த பேட்டரி, கலவையைத் திருத்தச் சென்சார் இல்லை. எஞ்சினின் வாழ்க்கையில் இதைவிட இடுக்கமான நிமிடம் வேறில்லை.

ஆகவே மிஸ்ஸிங் எப்போது மறைகிறது என்பதே ஒரு தடயம். குளோஸ்டு லூப்புக்கு மாறிய கணத்தில் நின்றுவிட்டால் கலவைக் கோளாறின் மேல் சந்தேகம் விழும். ஐந்தாறு விநாடியிலேயே தெளிந்துவிட்டால், இரவில் ஏதோ ஒன்று சிலிண்டருக்குள் சொட்டியிருக்கலாம். எஞ்சின் முழுதாகச் சூடான பின்னும் ஏற்றத்தில் லேசாக எட்டிப்பார்த்தால் பிளக், காயில் பக்கம் போக வேண்டும்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, முதல் தலைமுறை மாருதி 800 காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் ஓட்டுநரின் கையில் இருந்தது. டேஷ்போர்டில் சோக் குமிழை இழுத்தால் கார்பரேட்டருக்குக் காற்று குறையும், பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பிடித்ததும் மெல்ல உள்ளே தள்ள வேண்டும். தள்ள மறந்தால் கரும்புகை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்பரேட்டரும் சோக்கும் விடைபெற்றன. 2010 ஏப்ரலில் பிஎஸ்4 முதலில் நடைமுறைக்கு வந்த பெருநகரங்களில் பெங்களூருவும் ஒன்று. நாடு முழுவதற்கும் அது 2017இலும், பிஎஸ்6 2020 ஏப்ரலிலும் வந்தன. இந்த மாற்றங்களோடு சேர்ந்து வந்ததுதான் ஓபிடி எனப்படும் சுயபரிசோதனை வசதி. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், எந்த சிலிண்டர் எத்தனை முறை மிஸ் ஆனது என்பதை எஞ்சினே சொல்லும். ஆனால் ஏன் மிஸ் ஆனது என்று சொல்லாது. அந்த இடைவெளியில்தான் மெக்கானிக்கின் வேலை இருக்கிறது.

சாவி திருப்பும் முன்

நல்ல மெக்கானிக் ஸ்கேனரைத் தொடும் முன் வாயைத் திறந்து கேட்பார். எத்தனை நாளாக? இரவு முழுவதும் நின்றால் மட்டுமா, மூன்று மணி நேரம் நின்றாலும் வருகிறதா? மழை பெய்த மறுநாள் கூடுதலாக இருக்கிறதா? எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு ஆரம்பித்ததா? பெட்ரோல் போட்ட மறுநாளா? கூலன்ட் டப்பாவில் அளவு குறைகிறதா? வண்டி சிஎன்ஜியா? செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிகிறதா, சிமிட்டுகிறதா? இவற்றுக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால் தேடும் இடம் பாதியாகச் சுருங்கிவிடும். மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் ஐடிலிங்கில் கொஞ்சம் அதிர்வு இயல்பாகவே உண்டு என்பதால், வந்திருப்பது மிஸ்ஸிங்தானா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

பரிசோதனை மறுநாள் விடிகாலையில். வண்டி இரவு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். "ஓரமாக நகர்த்துகிறேன்" என்று யாராவது ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டால் அன்றைய வேலை வீண். ஸ்கேனரை மாட்டிச் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து, எஞ்சினை ஓடவிடாமல், மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். கூலன்ட் வெப்பநிலை, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, வெளியே தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை. இரவெல்லாம் நின்ற வண்டியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 16 டிகிரி என்றும் கூலன்ட் 40 டிகிரி என்றும் காட்டினால் வேறெங்கும் தேட வேண்டாம்: எஞ்சின் வெதுவெதுப்பாக இருப்பதாக இசியு ஏமாந்து, குளிருக்குத் தேவையான பெட்ரோலை விடாமல் இருக்கிறது. சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளவு பார்த்தால் தெரிந்துவிடும். வழக்கமான ரகங்களில் 20 டிகிரியில் சுமார் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். சில நூறு ரூபாய் சென்சார். இதைப் பார்க்காமலேயே ஆயிரக்கணக்கில் காயில் மாற்றிய வண்டிகள் நகரத்தில் ஏராளம்.

நான்காவதாக ஓர் எண்ணும் உண்டு. இது பெங்களூருவுக்கே உரியது. இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தைக் காட்டும் மேப் சென்சார், எஞ்சின் ஓடாதபோது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். கடற்கரையில் அது 101 கிலோபாஸ்கல். பெங்களூரு உயரத்தில் ஏறக்குறைய 91. கையேட்டில் அச்சடித்த எண்ணை வைத்துக்கொண்டு நல்ல சென்சாரைத் தூக்கி எறியக் கூடாது. மாறாக, இங்கே 101 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பேட்டரியும் இப்போதே. நின்ற நிலையில் 12.6 வோல்ட் ஆரோக்கியம். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் காயிலுக்குப் போதிய மின்சாரம் கிடைக்காது, தீப்பொறி சோனியாகிவிடும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களின் கார் வாரக்கணக்கில் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நிற்பது இந்த ஊரில் சகஜம். அப்படிப்பட்ட வண்டிகளில் கோளாறு பேட்டரியோடு முடிந்துபோவதும் உண்டு.

பிறகுதான் ஸ்டார்ட். முதல் ஒரு நிமிடம் ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கைப் பக்கம் திறந்திருக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் வேகத்தைப் பல் சக்கரமும் சென்சாரும் நொடிக்கு நொடி அளக்கின்றன. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் அந்த அரைச் சுற்றில் வேகம் மயிரிழை அளவு தளரும். அதை வைத்து இசியு பெயர் சொல்லும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படி. பி0300 என்றால் ஒன்றில் நில்லாமல் இங்கும் அங்குமாக நடக்கிறது என்று அர்த்தம். ஒரே சிலிண்டரென்றால் அதன் பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு. எல்லாவற்றிலுமென்றால் பொதுவான ஒன்று, அதாவது பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, சென்சார், பேட்டரி. விளக்கு எரியாத வண்டியிலும் இந்த எண்ணிக்கை பதிவாகியிருக்கலாம். விளக்கு எரிந்த வண்டியில் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பதிவு இருக்கும். கோளாறு நடந்தபோது கூலன்ட் எத்தனை டிகிரி, எஞ்சின் எத்தனை சுற்று என்பதெல்லாம் அதில் உறைந்து நிற்கும். கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். பார்த்தவுடன் 'கிளியர்' அடிக்கும் பழக்கம் தடயத்தைத் துடைப்பதற்குச் சமம்.

தீப்பொறி

ஒரே சிலிண்டர் என்று தெரிந்தால் செலவில்லாத சோதனை இடமாற்றம். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டி, முதலாவதை மூன்றாவதில் மாட்டி, இன்னோர் இரவு நிறுத்திப் பார்க்க வேண்டும். மறுநாள் பி0303, பி0301ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் அடுத்த இரவு பிளக். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிப் பார்த்தால் எது காரணம் என்பது தெரியாமல் போகும். பொறுமைதான் இதற்குக் கருவி.

பிளக்கின் முனை இடைவெளி மாடலைப் பொறுத்து 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். தேயத் தேய இடைவெளி அகலும், தீப்பொறி தாண்டத் தேவையான வோல்ட்டேஜ் கூடும். குளிர்ந்த நேரத்தில் அது இன்னும் அதிகம். சூடான எஞ்சினில் தாண்டிவிடும் பொறி, காலையில் தாண்டாமல் காயிலின் ரப்பர் உறையில் உள்ள விரிசல் வழியாக உடம்புக்கு ஓடிவிடும். கழற்றிய பிளக்கின் பீங்கான்மேல் பென்சிலால் கோடு போட்டதுபோல மெல்லிய கருங்கோடு ஓடியிருந்தால் அதுவே சாட்சி. பிளக் இறங்கும் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் மேல் மூடி கேஸ்கெட் போயிருக்கிறது. தண்ணீர் தேங்கியிருந்தால் அண்மையில் யாரோ எஞ்சினை பிரஷர் வாட்டரில் கழுவியிருக்கிறார்கள். ஈரத்தைக் காற்றடித்து உலர்த்தியதுமே குணமான வண்டிகள் உண்டு.

பிளக் விஷயத்தில் பெங்களூருவுக்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி ஆடுகோடியில் ஆலை அமைத்து ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தது. அதன் சுருக்கப் பெயரான மைக்கோ, ஒரு காலத்தில் இந்தியச் சாலைகளில் பிளக்குக்கே மறுபெயராக இருந்தது. மைக்கோ லேஅவுட் என்ற குடியிருப்பின் பெயரில் அது இன்னும் மிச்சமிருக்கிறது. இன்றைக்கு பிளக் வாங்க ஜே.சி. ரோட்டுக் கடைவீதிக்குப் போகிறவர் பில்லோடு வாங்குவதும், பழைய பிளக்கின் எண்ணைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது. வெப்ப எண் மாறிய பிளக், நகர நெரிசலில் ஊர்ந்தே பழகிய எஞ்சினில் கரி பிடித்துப்போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். காலையில் பெட்ரோல் ஈரமும் அதன்மேல் படிந்தால் பொறியே வராது.

எரிபொருளும் எத்தனாலும்

வண்டியை அணைத்த பிறகும் இன்ஜெக்டர் ரெயிலில் அழுத்தம் மணிக்கணக்கில் தங்க வேண்டும். தங்காவிட்டால் காலையில் ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் இழுக்கும், பிடித்ததும் எல்லாச் சிலிண்டரும் தடுமாறும். எளிய சோதனை: சாவியை ஆன் செய்து, பம்பின் 'ம்ம்' ஓசை இரண்டு நொடி வந்து அடங்கியதும் அணைத்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்வது. அப்போது சுத்தமாகப் பிடித்தால் அழுத்தம் இரவில் வடிந்திருக்கிறது. வடிந்தது பம்பின் வால்வு வழியாகவா, இன்ஜெக்டர் வழியாகவா என்று பிரித்தறிய கேஜ் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜெக்டர் சொட்டும் வண்டியில் கதை வேறு. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கிய பெட்ரோல் ஒரே சிலிண்டரை நனைத்துவைத்திருக்கும். காலையில் பெட்ரோல் வாடை, ஒரு குப்பென்ற கரும்புகை, சில விநாடி உதறல், பிறகு அமைதி. பெரும்பாலான கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் இசியு பெட்ரோல் விடாது. காற்று மட்டும் உள்ளே போய் ஈரத்தை வெளியேற்றும். அப்படிச் செய்ததும் தெளிவாகப் பிடித்தால் சந்தேகம் உறுதிப்படும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை நனைந்திருக்கும்.

மூன்றாவது ரகம், இன்டேக் வால்வின் முதுகில் படியும் கரி. நெரிசலிலும் குறுகிய தூரப் பயணத்திலும் ஓடும் எஞ்சினில் இது கூடுதல். இந்தக் கரி குளிர்ந்த நேரத்தில் பெட்ரோலைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். சிலிண்டருக்குப் பங்கு குறையும். சூடானதும் உறிஞ்சியது ஆவியாகிவிடுவதால் மிஸ்ஸிங் மறையும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் வால்வைக் கழுவ வழியே இல்லை என்பதால் கரி இன்னும் தடிமனாகும். கழற்றாமல் பார்க்க மெல்லிய கேமரா போதும்.

இப்போது எல்லோரும் முதலில் கைநீட்டுவது இ20 பெட்ரோலை நோக்கி. 20 சதவீதம் எத்தனால் கலந்த இந்தப் பெட்ரோலைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்ததும் பெங்களூருவில்தான்: 2023 பிப்ரவரி 6, இந்தியா எனர்ஜி வீக் மாநாட்டில். முதலில் 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் 84 பெட்ரோல் பங்க்குகளில் வந்தது, பிறகு நாடெங்கும் பரவியது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். எரிவதற்குக் குறைவான காற்று போதும். ஆகவே 10 சதவீதக் கலவைக்கு அளவு பார்த்து வைத்த எஞ்சினில் 20 சதவீதக் கலவையை ஊற்றினால், அதே அளவு பெட்ரோலுக்குக் கலவை சுமார் 4 சதவீதம் வறண்டுபோகும். குளோஸ்டு லூப்பில் ஆக்ஸிஜன் சென்சார் இதைச் சரிக்கட்டிவிடும். அது விழிக்காத முதல் நிமிடத்தில்தான் சிக்கல்.

ஆனாலும் இந்த 4 சதவீதம் தனியாக ஒரு நல்ல எஞ்சினை உதறவைக்காது. வால்வில் கரியும், லேசான காற்றுக் கசிவும் ஏற்கெனவே உள்ள பழைய வண்டியில்தான் இது எல்லையைத் தாண்டவைக்கும். பிரேசில் இதை வேறு தளத்தில் சந்தித்த நாடு. அங்கே முழு எத்தனாலில் ஓடும் கார்களுக்குக் குளிர் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே பானெட்டுக்குள் சின்னப் பெட்ரோல் டேங்க் ஒன்றை வைத்தார்கள். எரிபொருளை முன்கூட்டிச் சூடாக்கும் பாஷின் ஏற்பாட்டோடு 2009இல் ஃபோக்ஸ்வாகன் போலோ வந்த பிறகு அந்தச் சின்ன டேங்குக்குத் தேவை குறைந்தது. அங்கே சாதாரண பம்பிலேயே நெடுங்காலமாக 20 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்துதான் விற்கிறார்கள். அதற்கேற்ப எஞ்சினை அமைத்தால் 20 சதவீதம் ஒரு பொருட்டல்ல என்பதற்கு அது சாட்சி. இந்தியாவில் சிக்கல், அப்படி அமைக்காத பழைய கார்கள்.

எத்தனாலுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணமும் உண்டு. கலவை குளிரக் குளிர, அது தாங்கக்கூடிய தண்ணீரின் அளவு குறையும். மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்த பெட்ரோல், மாதக்கணக்கில் நின்ற வண்டி ஆகியவற்றில்தான் இது நடக்கும். அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து அரைமணி நேரம் வைத்தால் இரண்டு அடுக்கு கண்ணுக்குத் தெரியும்.

சிஎன்ஜி கார்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அந்த வண்டிகளில் பல, குளிர்ந்த எஞ்சினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும்தான் கேஸுக்கு மாறும். பெட்ரோல் காலையில் அந்தக் கொஞ்ச நேரம் மட்டுமே செலவாவதால், டேங்கில் கிடப்பது சில மாதம் பழையதாக இருக்கலாம். பழைய பெட்ரோலில், சீக்கிரம் ஆவியாகும் லேசான பகுதி முதலில் போய்விடும். ஸ்டார்ட்டுக்கு வேண்டியதும் அந்தப் பகுதிதான். "கேஸில் பிரமாதம், காலையில் பெட்ரோலில் மட்டும் மிஸ்ஸிங்" என்ற புகாருக்குப் புதுப் பெட்ரோல் பத்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பதே முதல் வைத்தியம்.

காற்றும் எலியும்

இன்டேக் மேனிஃபோல்டின் ரப்பர் கேஸ்கெட்டும் வேக்குவம் ஹோஸ்களும் வயதாக ஆக விறைத்துப்போகும். குளிரில் சுருங்கி இடுக்கு விடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். அந்த இடுக்கு வழியாக நுழையும் காற்று இசியுவின் கணக்கில் வராது. கலவை வறளும், பி0171 என்ற குறியீடு விழும். கேஸ்கெட்டின்மேல் பெட்ரோலையோ கிளீனர் ஸ்ப்ரேயையோ அடித்துச் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பது பல ஷெட்களின் வழக்கம். தீப்பிடிக்கக்கூடிய ஆபத்தான வழக்கம். புகை இயந்திரத்தால் மேனிஃபோல்டுக்குள் புகை ஏற்றிப் பார்த்தால், இடுக்கிலிருந்து இழையாக அது கிளம்புவது தெரியும். அதையும் விடிகாலையிலேயே செய்ய வேண்டும். சூடான எஞ்சினில் இடுக்கு மூடியிருக்கும்.

எலியையும் மறந்துவிடக் கூடாது. பேஸ்மென்டிலும் மரத்தடியிலும் நிற்கும் கார்களில் அணைத்த எஞ்சினின் கதகதப்பைத் தேடி வரும் எலி, இன்ஜெக்டர் ஒயரையும் வேக்குவம் குழாயையும் கடித்துவைக்கும். ஒயர் முழுதாக அறுந்தால் கோளாறு எப்போதும் இருக்கும். செப்பு இழைகள் ஒன்றிரண்டில் தொங்கினால் குளிரில் மட்டும் விட்டுவிட்டு வரும். கைவிளக்கோடு ஐந்து நிமிடம் குனிந்து பார்த்தால் பிடிபடும் விஷயம் இது.

உள்ளே இறங்கும் தண்ணீர்

வண்டிக்காரர் கேட்க விரும்பாத காரணம் ஹெட் கேஸ்கெட். எஞ்சின் அணைந்த பிறகும் கூலன்ட் அமைப்பில் அழுத்தம் இருக்கும்; கேஸ்கெட்டில் நூலிழை விரிசல் இருந்தால் இரவில் கூலன்ட் மெல்ல ஒரு சிலிண்டருக்குள் கசியும். காலையில் அந்தச் சிலிண்டர் சில விநாடி எரியாது. சைலன்சரில் வெண்புகை வரும். வாடையில் லேசான இனிப்பு தெரியும். பெங்களூரு குளிரில் எல்லா வண்டியிலும் காலையில் வெள்ளை ஆவி வரும் என்பதால் புகையை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆவியென்றால் எஞ்சின் சூடானதும் கரைந்துவிடும். கூலன்ட் டப்பாவின் அளவும் குறையாது. அளவு குறைந்துகொண்டே வந்து, வெளியே சொட்டும் இல்லையென்றால், மாலையில் ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டர் மாட்டி அழுத்தம் ஏற்றிவிட்டு, மறுநாள் காலை பிளக்கைக் கழற்றிக் கேமராவை இறக்க வேண்டும். பிஸ்டன் தலையில் பச்சையோ சிவப்போ திரவம் தேங்கியிருந்தால் பேச்சுக்கு இடமில்லை. சந்தேகம் பலமாக இருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுழற்றுவதே தப்பு: திரவத்தை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது மறுபடியும் உயரத்தின் கணக்கு குறுக்கே வரும். காற்று பத்து சதவீதம் மெல்லியது என்பதால் கேஜும் கையேட்டு எண்ணைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைத்தே காட்டும். எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். மூன்று சிலிண்டர் ஒரே அளவும் ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைவாகவும் இருந்தால் வால்வோ ரிங்கோ கசிகிறது. குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் இரண்டு தடவை எடுத்தால்தான் படம் முழுமையாகும்.

டீசல் வண்டிக்குப் பிளக் இல்லை. அதற்குப் பதிலாகச் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக். பெங்களூரு குளிரில் இன்றைய காமன் ரெயில் டீசல் அது இல்லாமலேயே பிடித்துவிடும். ஒன்றிரண்டு குளோ பிளக் செத்திருந்தால் முதல் அரை நிமிடம் வெண்புகையும் உதறலும் வரும், அவ்வளவே. மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் முடிந்தது.

சரிபார்ப்பு

கோளாறு பிடிபடும் வரை வண்டியை ஓட்டலாமா? சில விநாடி உதறிவிட்டுத் தெளிவதென்றால் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். செக் எஞ்சின் விளக்கு சிமிட்டினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உள்கூட்டை உருக்கிவிடும். அதன் விலையோடு பார்த்தால் ஒரு செட் பிளக் சில்லறைக் காசு. உதறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து ரேஸ் கொடுத்துச் சூடாக்குவதும் அதே தீங்கைத்தான் செய்யும். ஆயில் மேலே ஏறாத எஞ்சினில் பேரிங்கும் தேயும்.

பழுது பார்த்த அன்று மாலையே "சரியாகிவிட்டது" என்று சாவியைக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பை நம்புவதற்கில்லை. மாலையில் எஞ்சின் சூடு. மிஸ்ஸிங் இருந்தாலும் தெரியாது. கோளாறுக் குறியீட்டை அழித்து, மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யத்தில் இருக்கும் வண்டியை இன்னோர் இரவு நிறுத்தி, மறுநாள் விடிகாலை அதே 15, 16 டிகிரியில் ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, எல்லாச் சிலிண்டருக்கும் எதிரே பூஜ்யம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குளோஸ்டு லூப்புக்கு மாறிய பின் இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவான ஃப்யூயல் டிரிம் ஐந்து சதவீதத்துக்குள் ஆடுகிறதா என்பதையும் அதே உட்காரலில் பார்த்துவிடலாம். பில்லை அதற்குப் பிறகு கட்டலாம்.